கடைசி ஆறு ஆண்டுகளுக்கு ஓர் உரை

ஐஸ் ஹாக்கியைப் பற்றி நாம் எழுதப் புகுவது நண்பர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பனி பொழிவதை நேரில் கண்டதில்லை. சறுக்குக் காலணியைக் கையால் தொட்டதும் இல்லை. நன்னூலும் தண்டியலங்காரமும் நடத்திக் காலம் கழிப்பவர்க்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நமக்கு வேலை ஆட்டத்தில் இல்லை. ஆட்டக்காரர்கள் கையெழுத்திடும் ஓலைகளில் இருக்கிறது. கோயிற்சுவர் நிவந்தமாயினும், பாட்டன் காலத்து அடகுப் பத்திரமாயினும், ஆவணம் என்று ஒன்று கண்ணிற்பட்டால் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்காமல் நம்மால் நகர முடிவதில்லை.

2010ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவில் குடியேறிவிட்ட பழைய மாணவர் ஒருவர் ஓர் அட்டவணையை அனுப்பியிருந்தார். நியூ ஜெர்சி டெவில்ஸ் என்னும் அணி, இலியா கோவல்சுக் என்னும் ரஷ்ய ஆட்டக்காரரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஆண்டுவாரிக் கணக்கு அது. 17 ஆண்டு, மொத்தம் 10 கோடியே 20 லட்சம் டாலர். அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "ஐயா, இதன் கடைசி ஆறு ஆண்டுகளுக்கு மட்டும் ஓர் உரை எழுதித் தர முடியுமா?"

குறும்புக்காரர். ஆனால், உரை வேண்டிய பகுதிதான் அது. முதல் இரண்டு ஆண்டு தலா 60 லட்சம். அடுத்த ஐந்து ஆண்டு தலா 1 கோடியே 15 லட்சம். அதன்பின் 1 கோடியே 5 லட்சம், 85 லட்சம், 65 லட்சம், 35 லட்சம் என்று படியிறங்கி, 12ஆம் ஆண்டில் 7.5 லட்சமாகி, கடைசி ஐந்து ஆண்டும் தலா 5.5 லட்சத்தில் போய் நிற்கிறது. அக்காலத்துக் குறைந்தபட்ச ஊதியத்தைவிடச் சற்றே மிகுதியான தொகை. கடைசி ஆறு ஆண்டுகளையும் கூட்டினால் 35 லட்சம். 11ஆம் ஆண்டு ஒன்றுக்கு மட்டுமே அதே 35 லட்சம்! ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு வயது 44 ஆகியிருக்கும். முழு வேகத்தில் சறுக்கிவரும் உடல்கள் ஒன்றையொன்று பலகைச் சுவரோடு சேர்த்து மோதும் ஆட்டம் இது. நாற்பது கடந்து இதில் நிலைத்தவர்கள் மிகச் சிலர். ஆடுவதற்காக எழுதப்பட்ட ஆண்டுகள் அல்ல அவை என்பது கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். பின் எதற்காக?

விடை காண ஐந்தாண்டு பின்னே செல்ல வேண்டும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல்.இல், 2004-05ஆம் பருவம் முழுவதும் கதவடைப்பில் போயிற்று. ஒரு போட்டிகூட நடக்கவில்லை. ஸ்டான்லி கோப்பையை எவரும் தூக்கவில்லை. அதன் முடிவில் உரிமையாளர்கள் விரும்பிய ஊதிய உச்சவரம்பு வந்தது. எந்த அணியும் தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கலாகாது. முதல் ஆண்டில் அவ்வரம்பு 3 கோடியே 90 லட்சம் டாலர். வரம்புக் கணக்கில் ஓர் ஆட்டக்காரரின் பெயருக்கு நேரே எழுதப்படுவது அவ்வாண்டில் அவர் வாங்கும் தொகை அன்று. ஒப்பந்தத்தின் மொத்தத்தை ஆண்டுகளால் வகுத்த சராசரி. சூட்சுமம் இங்கேதான். கோவல்சுக்கின் முதல் 11 ஆண்டுகளை மட்டும் எழுதியிருந்தால் சராசரி ஏறத்தாழ 90 லட்சம். பெயருக்கு ஆறு ஆண்டுகளைச் சேர்த்து 17 ஆக்கியதும் அது 60 லட்சமாக இறங்கிவிட்டது. மிச்சப்பட்ட 30 லட்சத்தில் ஆண்டுதோறும் இன்னொரு நல்ல ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளலாம்.

செய்யுளில் ஓசை குறையும் இடத்தை நிரப்ப, பொருளின்றி வந்து நிற்கும் சொல்லை இசைநிறை என்பர் இலக்கணிகள். அந்த ஆறு ஆண்டுகளும் இசைநிறை. மாணவருக்கு அவ்வாறே ஒருவரி உரை எழுதி அனுப்பினோம்.

லீக் நிர்வாகமும் அதே உரையைத்தான் கண்டது போலும். ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. வழக்கு ரிச்சர்டு பிளாக் என்னும் மத்தியஸ்தரிடம் போயிற்று. 2010 ஆகஸ்டு 9 அன்று அவர் லீக்கின் பக்கம் தீர்ப்பளித்தார். பிறகு 15 ஆண்டு, 10 கோடி என்று திருத்தி எழுதிய ஓலை ஏற்கப்பட்டது. முதல் ஓலைக்காக டெவில்ஸ் அணிக்கு 30 லட்சம் டாலர் அபராதமும் வந்தது. இவ்வளவு பாடுபட்டு எழுதியது எத்தனை நாள் நின்றது? 2013 ஜூலையில் கோவல்சுக், இன்னும் 12 ஆண்டும் 7 கோடியே 70 லட்சம் டாலரும் மீதமிருக்க, என்.எச்.எல்.இலிருந்து ஓய்வு என்று அறிவித்துவிட்டுத் தாய்நாட்டில் ஆடப் போய்விட்டார். உடல் நன்றாகத்தான் இருந்தது; மனம் அங்கே இல்லை.

நெடுங்கால ஒப்பந்தம் உச்சவரம்போடு பிறந்த சூழ்ச்சி என்று இதனால் கொள்ளவேண்டா. வேய்ன் கிரெட்ஸ்கியின் கதை அதற்கு முந்தியது. 1979 ஜனவரி 26, அவருடைய 18ஆம் பிறந்தநாள். எட்மன்டன் அரங்கின் நடுவே, பனித்தரையில், எல்லோரும் பார்த்திருக்க 21 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது அணியோடு செய்த வழக்கமான ஒப்பந்தமும் அன்று. உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிக்கொடுத்த பணி ஒப்பந்தம். சுந்தரர் கதையில் கிழவேதியர் மணப்பந்தலுக்குக் கொண்டுவரும் ஆளோலை நினைவுக்கு வருகிறது அல்லவா? வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே ஓலையைக் கிழித்தவர் ஆள். இங்கே ஆளை விற்றவர் ஓலை வைத்திருந்தவர். 1988 ஆகஸ்டு 9 அன்று, நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்று தந்த கிரெட்ஸ்கியை, ஒன்றரைக் கோடி டாலரும் வேறு சில ஆட்டக்காரர்களும் ஈடாகப் பெற்று லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பிவிட்டார் பாக்லிங்டன். இடையில் அந்த ஓலை மாற்றி எழுதப்பட்டிருந்தது என்பது வேறு செய்தி. செய்தியாளர் முன் கிரெட்ஸ்கி அழுததைக் கனடாவே பார்த்தது. அரசு தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் குரல் கொடுக்கும் அளவுக்குப் போயிற்று.

இனி, நாம் உண்மையில் சொல்லவந்த மனிதரிடம் வருவோம். ரிக் டிபியெட்ரோ. நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் கோல்கீப்பர். என்.எச்.எல். ஒப்பந்தங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எவரும் முதலில் சிரித்துக்கொண்டு சொல்லும் பெயர் இதுதான்.

2000ஆம் ஆண்டு, புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் நிகழ்வில், ஐலண்டர்ஸ் அணி முதல் தெரிவாக அவரை எடுத்தது. கோல்கீப்பர் ஒருவரை முதலாவதாக எடுப்பது மிக அரிது. அவருக்கு இடம் வேண்டுமென்று, கையிலிருந்த இளம் கோல்கீப்பர் ராபர்டோ லுவாங்கோவை அதே நாளில் ஃபுளோரிடாவுக்கு மாற்றிவிட்டார்கள். (இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்க.) 2006 செப்டம்பரில், அணியின் உரிமையாளர் சார்லஸ் வாங்கின் காலத்தில், டிபியெட்ரோவுக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. மொத்தம் 6 கோடியே 75 லட்சம் டாலர். பொது மேலாளராக இருந்தவர் கார்த் ஸ்னோ. இரண்டு மாதத்திற்கு முன்வரை அதே அணியில் டிபியெட்ரோவுக்கு மாற்றுக் கோல்கீப்பராக உட்கார்ந்திருந்தவர்! ஊர் சிரித்தது. அலெக்சி யாஷின் என்பவருக்கு 2001இல் 10 ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட அணி, மீண்டும் அதே நெருப்பில் கை வைக்கிறதே என்று.

முதலிரண்டு பருவம் குறைவில்லை: 62 ஆட்டம், 63 ஆட்டம். பிறகு இடுப்பு, பிறகு முழங்கால், அறுவை மேல் அறுவை. 2008-09இல் 5 ஆட்டம். அடுத்த பருவம் 8. அதற்கடுத்து 26, அந்தப் பருவத்தில்தான், 2011 பிப்ரவரியில், பிட்ஸ்பர்க் கோல்கீப்பர் பிரென்ட் ஜான்சனோடு கைகலப்பில் இறங்கி ஒரே குத்தில் முகவெலும்பு முறிந்தது. பின் 8. பின் 3. ஐந்து பருவத்தில் ஐம்பதே ஆட்டம். 2013 ஜூலையில் அணி அவருடைய ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்துக்கொண்டது.

நீண்ட ஒப்பந்தம் எவ்வளவு மடமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். நாம் அந்த ஒப்பந்தத்தின் ஆண்டுவாரிக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். முதல் ஆண்டு 45 லட்சம். இரண்டாம் ஆண்டு 45 லட்சம். பதினைந்தாம் ஆண்டும் 45 லட்சம். படி இல்லை, இறக்கம் இல்லை, இசைநிறை ஓர் அசைகூட இல்லை. 39 வயது வரை இவர் ஆடுவார் என்று எழுதிய ஒவ்வோர் ஆண்டையும் இரு தரத்தாரும் மெய்யாகவே கருதினார்கள். அக்காலத்தில் எழுதப்பட்ட நெட்டோலைகளுள் இப்படிச் சொன்னதைச் சொன்னபடியே கருதியவை மிகக் குறைவு. உலகம் அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறது.

சிரிப்பவர்கள் தரும் இன்னொரு காரணம்: வேலை உறுதியாகிவிட்டால் ஆள் சோம்பிவிடுவான். இதை நம்மூரிலும் கேட்டிருக்கிறோம். சொல்பவர் பெரும்பாலும் பணி நிரந்தரம் பெற்றவராகவே இருப்பார். கல்லூரியிற் சேர்ந்த புதிதில் நாம் சில ஆண்டுகள் 11 மாத ஒப்பந்தத்தில் இருந்தோம். பன்னிரண்டாம் மாதம் ஊதியம் இல்லை. ஜூன் பிறந்தால் சான்றிதழ் நகல்களோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். வண்டிக் கடனுக்கு வங்கிக்குப் போனால் முதற்கேள்வி, பணி நிரந்தரமா என்பது. இரண்டாம் கேள்வியே எழாது. அச்சம் ஆளை உழைக்க வைக்கும் என்பார்களே, அந்த ஆண்டுகளில் நாம் பாடம் நன்றாகவா நடத்தினோம்? காய்ச்சலோடும் வகுப்புக்குப் போனோம், அது உண்மை. ஆனால் பாடத்திட்டத்திற்கு வெளியே புதிதாக ஒரு நூலையும் முழுதாகப் படித்ததாக நினைவில்லை. அடுத்த ஜூனைப் பற்றிய எண்ணம் பக்கத்திற்குப் பக்கம் குறுக்கே வந்து நின்றது. தொல்காப்பியத்திற்கு உரையாசிரியர்கள் கண்ட உரைகளை ஒப்பிட்டு நிதானமாகப் படித்தது பணி உறுதியான பிறகுதான். அறுபது வயது வரை முறியாத ஓலை ஒன்று கிடைக்காதா என்று பிள்ளைகளைத் தேர்வு மேல் தேர்வு எழுத வைக்கும் சமூகம் நம்முடையது. டிபியெட்ரோவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை குறைவு. சோம்பியவர் ஒவ்வோர் அறுவைக்குப் பின்னும் கால் உறையை மாட்டிக்கொண்டு மறுபடி வலைமுன் வந்து நிற்பாரா?

டிபியெட்ரோவின் ஓலைக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 2008 ஜனவரியில் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி அலெக்ஸ் ஒவெச்கினோடு 13 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. 12 கோடியே 40 லட்சம், என்.எச்.எல்.இல் பத்துக் கோடியைத் தாண்டிய முதல் ஒப்பந்தம். முகவர் எவரையும் வைத்துக்கொள்ளாமல், 22 வயதில் தாமே பேசி முடித்துக்கொண்டார். அதன் கணக்கையும் பாருங்கள். முதல் ஆறு ஆண்டு தலா 90 லட்சம். மீதி ஏழு ஆண்டு தலா 1 கோடி. வயது ஏற ஏற ஊதியம் ஏறுகிறது! அந்த 13 ஆண்டுகளில், அதிக கோல் அடித்தவர்க்கான விருதை 8 முறை வென்றார். 2018இல் ஸ்டான்லி கோப்பையைக் கையிலேந்தினார். கடைசி ஆண்டு வரை ஆடித் தீர்த்து, 2021இல் இன்னும் ஐந்து ஆண்டுக்கு எழுதிக்கொண்டார். 2025 ஏப்ரல் 6 அன்று தம் 895ஆம் கோலை அடித்துக் கிரெட்ஸ்கியின் சாதனையை முறியடித்தார். எதிரே நின்ற அணி எது தெரியுமா? நியூயார்க் ஐலண்டர்ஸ்.

இவ்விரண்டு ஓலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றை எழுதியவர் அறிவாளி, மற்றதை எழுதியவர் மூடர் என்று நம்மால் சொல்ல இயலவில்லை. இருவரும் முதல் தெரிவாக வந்தவர்கள், இளையவர்கள், அணியின் முகமாக இருந்தவர்கள். ஒருவருக்கு இடுப்பெலும்பு நின்றது, ஒருவருக்கு நிற்கவில்லை. நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம், இளமை, யாக்கை என்னும் மூன்றின் நிலையாமை பற்றியவை. வகுப்பில் மூன்றையும் ஒரே மூச்சில் நடத்திவிடுவது வழக்கம். ஒப்பந்தத்தில் அவற்றுள் செல்வத்தை மட்டும் உறுதிப்படுத்த முடிகிறது. அதற்கும் மற்ற இரண்டே அடகு.

லுவாங்கோவை நினைவில் வைக்கச் சொன்னோமே. டிபியெட்ரோவுக்காக வெளியேற்றப்பட்டவர், பின்னர் வான்கூவர் அணியில் பெயர்பெற்று, 2009இல் 12 ஆண்டு, 6 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார். அது கோவல்சுக்குடையதன் இனம். தலைப்பக்கம் 1 கோடி, வாற்பக்கம் 10 லட்சம். வான்கூவரில் இளையவர் ஒருவர் அவரிடத்தைப் பிடித்துக்கொண்டபோது, வேறோர் அணிக்குப் போகலாமென்றால் இத்தனை ஆண்டுச் சுமையைத் தூக்க எவரும் முன்வரவில்லை. தம் ஒப்பந்தமே தமக்குத் தடை என்று 2013இல் செய்தியாளர்களிடம் வாய்விட்டு நொந்துகொண்டார். மறு ஆண்டு ஃபுளோரிடாவுக்கே திரும்பினார். மூன்று ஆண்டு மீதமிருக்க 2019இல் ஓய்வு பெற்றார். அவர் விட்டுப்போய் ஐந்தாண்டு ஆகியிருந்த வான்கூவர் அணியின் வரம்பில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டாலர் மூன்று பருவம் வெட்டப்பட்டது. ஒப்பந்தம் எழுதியபோது இல்லாத விதி அது; 2013இல் புதிதாகப் புகுத்தி, பழைய ஓலைகளுக்கும் செல்லும் என்று ஆக்கியிருந்தார்கள்.

இவற்றினும் விசித்திரம் ஒன்று உண்டு. லீக்கில் ஊதியத்துக்கு உச்சவரம்பு இருப்பதுபோலவே கீழ்வரம்பும் இருக்கிறது. அதற்குக் குறைந்தும் செலவிடலாகாது. பணமில்லாத அணி என்ன செய்யும்? இனி ஆடவே இயலாத ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை வாங்கிக்கொள்ளும்! கொடுக்க வேண்டிய தொகை சிறிது, அல்லது காப்பீடு பார்த்துக்கொள்ளும். வரம்புக் கணக்கில் ஏறும் சராசரியோ பெரிது. அரிசோனா அணி இதில் தேர்ந்திருந்தது. கிறிஸ் பிராங்கர் 2011 நவம்பருக்குப் பின் களமிறங்கவில்லை. கண்ணிலும் தலையிலும் பட்ட அடி. 2014இல் லீக்கின் ஆட்டக்காரர் பாதுகாப்புத் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு, 2015 கோடையில், அவருடைய ஒப்பந்தம் பிலடெல்ஃபியாவிலிருந்து அரிசோனாவுக்குக் கைமாறியது. அதே ஆண்டு நவம்பரில் ஹாக்கியின் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்துச் சிறப்புச் செய்தார்கள். ஏட்டில் அவர் அப்போதும் அரிசோனாவின் ஆட்டக்காரர். பாவெல் தாத்சியுக், மரியன் ஹோசா, ஷே வெபர் ஆகியோரின் ஓலைகளும் வெவ்வேறு ஆண்டுகளில் அவ்வழியே போயின. 2024இல் அந்த அணியே சால்ட் லேக் நகரத்துக்குப் பெயர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் காரணம் ஆட்டக்காரர்களின் பேராசை என்று உரிமையாளர்கள் சொன்னதுண்டு. 2012 ஜூலை 4 அன்று மின்னசோட்டா அணி, ஸாக் பரீசே, ரையன் சூட்டர் என்னும் இருவருக்கும் 13 ஆண்டு, தலா 9 கோடியே 80 லட்சம் என்று எழுதிக்கொடுத்தது. அதே மாதத்தில் உரிமையாளர் தரப்பு ஆட்டக்காரர் சங்கத்திடம் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, எந்த ஒப்பந்தமும் 5 ஆண்டைத் தாண்டலாகாது என்பது. தம் கையைத் தாமே கட்டிவிடுங்கள் என்று அடுத்தவரிடம் கேட்கும் செல்வர்களை வேறெங்கும் நாம் கண்டதில்லை. மறுபடியும் ஒரு கதவடைப்பு. 2013 ஜனவரியில் உடன்பாடு. சொந்த அணியெனில் 8 ஆண்டு, வேற்றணியெனில் 7 ஆண்டு என்று எல்லை வகுத்தார்கள். 2026 செப்டம்பரிலிருந்து அவற்றையும் 7, 6 எனக் குறைக்க 2025இல் இசைந்திருக்கிறார்கள்.

எல்லைக்குள் எவ்வளவு நீளம் கேட்பது என்பது இப்போது ஆட்டக்காரரின் மனப்போக்கைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் இறுதியில் கிரில் கப்ரிசோவ் அதே மின்னசோட்டாவோடு 8 ஆண்டு, 13 கோடியே 60 லட்சம் என்று கையெழுத்திட்டார். லீக் வரலாற்றில் மிகப் பெரிய மொத்தத் தொகை. சில நாள் கழித்து, இன்றைய ஆட்டக்காரர்களுள் தலையாயவர் என்று பலரும் கொள்ளும் கானர் மெக்டேவிட், எட்மன்டன் அணியோடு ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் என்று இரண்டே ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். கிரெட்ஸ்கி 21 ஆண்டு எழுதிக்கொடுத்த அதே ஊர்.

டிபியெட்ரோவின் கணக்கை முடித்துவிடுவோம். ஒப்பந்தத்தை முறித்தபோது மீதமிருந்தது 8 ஆண்டு, 3 கோடியே 60 லட்சம். விதிப்படி அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 2 கோடியே 40 லட்சத்தை, மீதமிருந்த காலத்தின் இரு மடங்கில் கொடுக்க வேண்டும்: ஆண்டுக்கு 15 லட்சமாக 16 ஆண்டு. கடைசித் தவணை 2029இல். 2006இல் தொடங்கி எண்ணினால் 23 ஆண்டு ஆகிறது. கிரெட்ஸ்கியின் ஓலையைவிட இரண்டு ஆண்டு கூடுதல்.